கணக்கில் வராத தந்தையர்

ஜமைக்காக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகளில் தந்தை நெடுங்காலம் இல்லாதவராகவே இடம்பெற்றார். ஈடித் கிளார்க் 1957இல் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘எனக்குத் தந்தையுமான என் தாய்’ என்ற பொருள்படும். அதன்பின் வந்த பலர் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்ததை விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம். கிளார்க் மூன்று ஊர்களை ஒப்பிட்டிருந்தார். சொந்த நிலத்தில் பயிர் செய்தவர்களின் ஊரில் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். கரும்பு ஆலையை நம்பிய ஊரிலோ வெட்டுக்காலத்துக்கு மட்டும் ஆண்கள் வந்து போனார்கள். தந்தையை வீட்டில் தங்கவிடாதது கூலிதான்.

அந்தக் கூலி கடலுக்கு அப்பாலும் இழுத்தது. 1943 முதல் ஜமைக்கா ஆண்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக அமெரிக்கப் பண்ணைகளுக்குப் போனார்கள். பிறகு பல பத்தாண்டுகள் ஃப்ளோரிடாவில் கரும்பு வெட்டினார்கள். 1966இல் கனடாவின் ஒன்டாரியோப் பண்ணைகளும் திறந்தன. ஆண்டில் பல மாதம் அயல்மண்ணில் உழைத்துப் பள்ளிக் கட்டணமும் சீருடைக்கான பணமும் அனுப்பியவரை, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கும் கணக்கெடுப்பு எப்படிக் காணும்?

கேள்வியை மாற்றியவர் மானிடவியலாளர் பாரி செவான்ஸ். 1990களின் தொடக்கத்தில் அவரும் ஜேனட் பிரவுன், பட்ரீஷியா ஆண்டர்சன் ஆகியோரும் ஆண்களிடமே போய்ப் பேசினார்கள். பிள்ளையோடு ஒரே வீட்டில் வாழாதவர்களும் தந்தைமையைத் தம் வாழ்வின் நடுவில் வைத்திருந்தார்கள். 1991இல் தந்தையருக்கென ஓர் அமைப்பையே செவான்ஸ் தொடங்கினார். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் பெயர் அவருடையது.

ஆய்வாளர்கள் தொடாத இடங்களைப் பிள்ளைகளின் எழுத்து தொடுகிறது. பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலின் நினைவுக்குறிப்பில் வாழைப்பழ நிறுவனக் கணக்கராகப் படிப்படியாக உயர்ந்த தந்தை வருகிறார். எழுத்தாளர் காலின் கிரான்ட் 1970களில் இங்கிலாந்தின் லூட்டன் நகரத்தில் வாழ்ந்த தன் தந்தையை எழுதினார். என்னை அதிகம் கலங்கடித்தவை கவிஞர் ஹன்னா லோவின் ‘சிக்’ (2013) கவிதைகள். 1947இல் ஓர்மண்ட் கப்பலில் இங்கிலாந்து சேர்ந்த அவருடைய தந்தை, இரவெல்லாம் சீட்டாடியும் பகடை உருட்டியும் குடும்பத்துக்குச் சம்பாதித்தார். வெள்ளைத் தோற்றம் கொண்ட சிறுமி ஹன்னா, மற்றவர்கள் முன் அவரைத் தன் அப்பா என்று சொல்லக் கூசினாள். அவர் இறந்த பிறகே, அவர் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு மகள் அவரைத் தேடிப் போகிறார்.

எல்லாத் தந்தையரும் கனிந்தவர்கள் அல்லர். கவிஞர் சஃபியா சின்க்ளேர் 2023இல் எழுதிய தன்வரலாற்றில், சுற்றுலா விடுதிகளில் ரெகே பாடிப் பிழைத்த ரஸ்தஃபாரி சமயத்தவரான தந்தையின் கடுமை பக்கத்துக்குப் பக்கம் வலிக்கிறது. அவருடைய உழைப்பையும் மகள் மறைக்கவில்லை.

அச்சேறாத இன்னொரு பெரும் தொகுதி உண்டு: சாவு வீட்டு நினைவுரைகள். ‘நைன் நைட்’ எனப்படும் ஒன்பதாம் இரவில் பாட்டும் டோமினோ ஆட்டமும் ரம்முமாக ஊர் கூடி இறந்தவரின் கதைகளைச் சொல்லும். பிறகு தேவாலயத்தில் ஒரு பிள்ளை எழுந்து, எந்த வயதில் மண்வெட்டி பிடித்தார், எந்தப் பண்ணைக்குப் போனார், யார் யாரைப் படிக்கவைத்தார் என்று வாசிப்பார். தாய்மார் வேறானாலும் பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்பதுண்டு. கிளார்க்கின் மூன்று ஊர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கத்தக்க சான்றுகள் இவை. ஜமைக்காவின் மோனா வளாகத்து மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகம் இவற்றைத் திரட்ட முன்வந்தால், செவான்ஸ் கேட்ட கேள்விக்குத் தீவு முழுவதிலிருந்தும் பதில் கிடைக்கும்.