மதுரையா, திருவனந்தபுரமா? வான்தூரக் கணக்குக்கு ஒரு சோதனை

துபாய்க்கு டிக்கெட் போடும் முன் நெல்லைப் பக்கம் மேலப்பாளையத்திலும் ஏர்வாடியிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: மதுரையில் ஏறுவதா, திருவனந்தபுரத்தில் ஏறுவதா? இந்தக் கேள்வியைக் கிரேட் சர்க்கிள் மேப்பர், ஃப்ளைட்ரேடார்24 என்ற இரண்டு இணையதளங்களிடம் கொடுத்துப் பார்த்தேன். அடிப்படைப் பயன்பாட்டுக்கு இரண்டிலும் காசு கிடையாது.

முதல் தளத்தில் 'டிஆர்வி-டிஎக்ஸ்பி' என்று விமான நிலையக் குறியீடுகளை அடித்தால் போதும். உருண்டைப் பூமியின் மேல் மிகக் குறுகிய பாதையை வரைந்து தூரத்தைச் சொல்லிவிடுகிறது. மைல் கணக்கைக் கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம்–துபாய் சுமார் 2,950 கி.மீ. மதுரைக்கும் அதேதான்! மதுரை கிழக்கே தள்ளியிருந்தாலும் வடக்கேயும் ஏறியிருப்பதால் கணக்கு நேராகிவிடுகிறது.

குறியீட்டில் கவனம் தேவை. தூத்துக்குடி டிசிஆர், திருச்சி டிஆர்இசட். திருநெல்வேலி ஞாபகத்தில் டிஐஆர் என்று அடித்தால் திருப்பதியில் கொண்டுபோய் விடும்.

தூரத்தில் நூற்றுக்கு நூறு, நேரத்தில்தான் சறுக்கல். தூத்துக்குடி–சென்னை 530 கி.மீ. ஜெட் வேகமான மணிக்கு 830 கி.மீ.-ஆல் வகுத்தால் 40 நிமிடம்கூட வராது. ஆனால் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் நெடுங்காலமாக இறங்கி ஏறுவது ஏடிஆர் என்ற புரொப்பெல்லர் விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, சென்னையில் இறங்கக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து அட்டவணையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது. தூத்துக்குடியில் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. ஜெட் வந்தால் இந்தக் கணக்கும் மாறும்.

ஃப்ளைட்ரேடார்24 இந்தக் குறையைத் தீர்க்கிறது. விமான எண்ணைக் கொடுத்தால், கடந்த ஒரு வாரம் அது உண்மையில் எப்போது கிளம்பியது, எப்போது தரை தொட்டது என்று காட்டுகிறது. டிக்கெட்டில் இருப்பதோ அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், காலை 10 மணிக்கு ஏறி 12.45-க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் பயணம் நாலேகால் மணி நேரம்.

இரண்டு தளங்களுக்கும் தெரியாதது தரை. நெல்லையிலிருந்து இரண்டு விமான நிலையங்களும் சாலையில் சுமார் 150 கி.மீ. மதுரைக்கு வழி நெடுக நான்கு வழிச்சாலை. திருவனந்தபுரம் போனால் மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலைத் தாண்ட வேண்டும். அம்பாசமுத்திரத்துக்காரருக்கு நேர்கோட்டில் திருவனந்தபுரம் 60 கி.மீ.தான், குறுக்கே பொதிகை மலை நிற்பதால் செங்கோட்டை, ஆரியங்காவு சுற்றி அதைப்போல் இரு மடங்குக்கு மேல் ஓட வேண்டும்.

தீர்ப்பு: தூரத்துக்கு முதல் தளம், நேரத்துக்கு இரண்டாவது. வான்தூரம் சமமாக இருப்பதால் நெல்லைக்காரர்கள் கட்டணத்தையும் சாலையையும் பார்த்து முடிவெடுங்கள். கட்டணமும் ஒன்றாக இருந்தால் என் ஓட்டு மதுரைக்கு.