யாருடைய கை, யாருடைய சொல்?

பேச இயலாதவரின் கையை உதவியாளர் தாங்கிப்பிடிப்பார். அந்தக் கை எழுத்துப் பலகையைத் தொட்டுச் சொல் கூட்டும். ‘ஃபெசிலிட்டேட்டட் கம்யூனிகேஷன்’ எனப்படும் இம்முறையை 1970களில் மெல்பர்னில் தொடங்கியவர் ரோஸ்மேரி கிராஸ்லி. அமெரிக்காவில் அதைப் பரப்பியவர் சிராக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் பிக்லன். மகன் கடைசியில் தங்களோடு பேசிவிட்டான் என்று எத்தனையோ பெற்றோர் கண்ணீர் விட்டார்கள்.

1993இல் வெளியான ஆய்வொன்று அந்த நம்பிக்கையைக் கலைத்தது. நியூயார்க் மாநிலத்தின் ஓ.டி. ஹெக் மையத்தில் இம்முறையைப் பயன்படுத்திய 12 பேருக்கு ஒரு படமும் அவர்களின் உதவியாளருக்கு வேறொரு படமும் காட்டினார்கள். உதவியாளர் பார்க்காத படத்தின் பெயரை ஒருவர்கூடத் தட்டவில்லை. உதவியாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஆவியோடு பேசும் பலகையில் விரல் வைத்தவர்களைப் போல, தாங்கள் நகர்த்துவதை அறியாமலே நகர்த்தினார்கள். இப்படித் தட்டப்பட்ட சொற்களை நம்பிப் பெற்றோர்மீது பாலியல் குற்றம் சுமத்தப்பட்டதும் உண்டு.

பேசாதவருக்கும் அறிவுண்டு என்று நம்பித் தொடங்க வேண்டும், சோதிப்பது அவமதிப்பு என்கிறார்கள் ஆதரவாளர்கள். முதல் பாதி சரி, முழுக்கச் சரி. இரண்டாவது தவறு. அங்கே சோதிக்கப்பட்டது பேசாதவரின் அறிவல்ல, உதவியாளரின் கை.

பிறர் உதவி இருந்தாலே சுதந்திரம் போய்விடுமா? 1995இல் பக்கவாதத்துக்குப் பின் பிரெஞ்சு இதழாளர் ழான்-டொமினிக் போபியிடம் மிஞ்சியது இடக்கண் இமை அசைவுதான். உதவியாளர் எழுத்துகளை வரிசையாகச் சொல்ல, வேண்டியது வந்ததும் அவர் இமைப்பார். ஒரு புத்தகமே அப்படி எழுதினார். உதவியாளர் சொல்லைத் தவறாக ஊகித்தால் மறுக்க அவரால் முடிந்தது. மறுக்கும் இந்த அதிகாரமே என் உரைகல். கையைப் பிடித்து நகர்த்தும் முறையில் அது உதவியாளரிடம் போய்விடுகிறது. ஆகவே அம்முறையைக் கைவிட வேண்டும். அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கமும் 2018இல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது.

இந்தத் தோல்வியைக் காட்டி மற்ற கருவிகளைச் சந்தேகிப்பது அநியாயம். மும்பையின் மாலினி சிப் ஒற்றைச் சுண்டுவிரலால் தட்டித் தன் வரலாற்றை எழுதினார். சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ செயலியில் குழந்தையே படத்தைத் தொடுகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இத்தகைய மாற்று வழிகளையும் தொடர்பு என்றே ஏற்கிறது.

ஆனால் இக்கருவிகளிலும் மறுக்கும் வழி இருக்க வேண்டும். சோறு, தண்ணீர், கழிப்பறைப் படங்களோடு குழந்தையின் படப் பலகையை முடித்துவிடும் பள்ளிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ‘வேண்டாம்’, ‘நான் சொன்னது அதுவல்ல’, ‘நிறுத்துங்கள்’ என்பவற்றை முதல் நாளே அதில் சேர்த்துவிடுங்கள்.