ஒன்பது அங்குலத்து அழகு

பத்து நட்டுகள். பின்சக்கர ஆக்சில்களைச் சற்று வெளியே இழுத்து, டிரைவ்ஷாஃப்டை விடுவித்து, அந்தப் பத்து நட்டுகளையும் கழற்றிவிட்டால், ஃபோர்டின் ஒன்பது அங்குல டிஃபரன்ஷியல் தன் பல்சக்கரங்கள் அத்தனையோடும் முன்பக்கமாக வெளியே வந்துவிடும். மூலவர் கருவறையில் இருக்க, உற்சவர் மட்டும் எழுந்தருளுவதைப் போல. வெளிக்கூடான ஹவுசிங் காரோடு நிற்கும். உள்ளிருப்பது உலா வரும். மேசைமேல் வைத்து, நல்ல வெளிச்சத்தில், நிமிர்ந்து நின்று வேலை பார்க்கலாம். அமெரிக்கப் பந்தயக்காரர்களில் சிலர் இரண்டு உற்சவர்களை வைத்துக்கொள்வதும் உண்டு: ஊர் சுற்ற ஒன்று, கால் மைல் ஓட்டத்துக்கு ஒன்று.

1957-இல் வந்து, 1986 வரை எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஃபோர்டின் கார்களையும் டிரக்குகளையும் தள்ளிய பாகம் இது. 1969 மஸ்டாங் மாக் 1-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு, அதன் பின்னச்சைத் தேர்ந்தெடுக்கும் ஒருவரோடு நாமும் நின்று இதைப் பார்ப்போம். நீண்ட மூக்கும் சரிந்த கூரையும் அவர் ஏற்கெனவே காதலித்து முடித்தவை. இப்போது குனிந்து பார்க்கும் நேரம்.

முதலில் கிரௌன் என்ற பெரிய பல்சக்கரம். ஒன்பது அங்குலம் என்பது இந்த வட்டத்தின் விட்டம்தான். இதன் பற்கள் நேராக நிற்பவை அல்ல. தாழம்பூ மடல்போல வளைந்து, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்திருப்பவை. வளைந்த பல் ஒரேயடியாக மோதாது. ஒரு முனையில் தொட்டு, மெல்ல வழுக்கி, மறுமுனையில் விடைபெறும். அதற்குள் அடுத்த பல் வந்து சேர்ந்திருக்கும். எந்தக் கணத்திலும் சுமை ஒற்றைப் பல்லின்மேல் விழாது. அந்தக் கைமாற்றத்தின் மென்மையைத்தான் ஓட்டுபவர் நிசப்தமாக உணர்கிறார்.

டிரைவ்ஷாஃப்டின் முனையில் சுழன்று கிரௌனைத் திருப்பும் சிறிய பல்சக்கரம் பினியன். அது கிரௌனின் நடுவில் வந்து சேராமல், ஏறத்தாழ இரண்டேகால் அங்குலம் கீழே தள்ளி வந்து சேர்கிறது. ஹைப்பாய்டு என்ற இந்த அமைப்பை 1920-களில் ராசெஸ்டர் நகரத்து கிளீசன் நிறுவனம் உருவாக்க, பேக்கார்டு தன் கார்களில் ஏற்றது. டிரைவ்ஷாஃப்ட் தாழ்ந்தது, அதனால் காரின் தரையும் தாழ்ந்தது. ஒன்பது அங்குலத்தில் அந்தத் தாழ்வு சற்று அதிகம். பல்லோடு பல் உரசும் நீளம் கூடுகிறது, வலிமை கூடுகிறது, கொஞ்சம் சக்தி உராய்வில் போகிறது. அந்த விலையை மனமாரக் கொடுக்கலாம் என்பேன்.

இன்னும் உள்ளே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரும்பாலான டிஃபரன்ஷியல்களில் பினியனின் கழுத்தை இரண்டு பேரிங்குகள் பிடித்திருக்கும். பற்கள் உள்ள தலை அந்தரத்தில் நீண்டு நிற்கும். இங்கேயோ, தலைக்கு அப்பாலும் ஒரு சிறு உருளை பேரிங். உள்ளங்கையில் அடங்கும் சின்னஞ்சிறு பொருள் அது. 428 கோப்ரா ஜெட் எஞ்சின் தன் முழு வலுவையும் ஒரே உதையில் இறக்கும்போது, கிரௌனிலிருந்து விலகி ஓடப் பார்க்கும் பினியனை அதுதான் இடம் பெயராமல் நிறுத்துகிறது. பல் முறியாமல் காப்பது பல்லின் உரம் மட்டும் அல்ல, பின்னால் நிற்கும் இந்தத் துணையும்தான். எனக்கு இந்தப் பாகத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வெளியே வார்ப்பின் நெற்றியில் படிந்த பழைய மசகைச் சுரண்டிப் பாருங்கள். ‘என்’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து புடைத்திருந்தால் நீங்கள் பாக்கியசாலி. அது நாடுலர் இரும்பு. சாதாரண வார்ப்பிரும்புக்குள் கரி மெல்லிய செதில்களாகக் கிடக்கும். விரிசல் ஓட அதுவே பாதை. உருகிய இரும்பில் சிறிதளவு மெக்னீசியம் சேர்த்தால் அதே கரி மணிமணியாகத் திரண்டுவிடும். 1943-இல் கீத் மில்லிஸ் கண்ட விந்தை இது. செதில் மணியானதும், நொறுங்கும் இரும்பு வளைந்து கொடுக்கும் இரும்பாகிறது.

இனிப் பற்களின் கணக்கு. கிரௌனில் 37, பினியனில் 9 என்றால் விகிதம் 4.11. இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி இல்லை. ஆகவே பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரௌனின் 37 பற்களையும் ஒன்று விடாமல் சந்தித்த பிறகே பழைய தோழனிடம் திரும்பி வரும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பிரிந்துவிடும். 39-க்கு 13 என்ற 3.00 விகிதத்திலோ, பினியனின் ஒரு பல் ஆயுள் முழுக்க அதே மூன்று பற்களைத்தான் தொடும். அதனால் பூட்டும்போது குறிகளைப் பார்த்து, ஜோடி மாறாமல் சேர்க்க வேண்டும்.

விகிதம் காரின் குணத்தையே மாற்றும். 26 அங்குல உயர டயரோடு, மணிக்கு 60 மைல் வேகத்தில், நேர் கியரில், 3.00 என்றால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,300 சுற்று சுற்றும், 3.50 என்றால் 2,700, 4.30 என்றால் 3,300. அந்த 4.30-ஐ டிராக் பேக் என்ற தேர்வில் ஃபோர்டே கொடுத்தது, இரு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் டெட்ராய்ட் லாக்கரோடு. நேர்க்கோட்டில் அது சிங்கம். திருப்பங்களில் லாக்கரின் உள்பற்கள் ‘டக், டக்’ என்று விட்டுப் பிடிக்கும். நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓயாமல் பேசும். டிராக்‌ஷன்-லாக் அப்படியல்ல. கிளட்ச் தட்டுகளின் அணைப்பால் இரு சக்கரங்களையும் சேர்த்துத் தள்ளும். வளைவு வந்தால் இதமாக நழுவிக்கொடுக்கும்.

போட்டி டிஃபரன்ஷியல்களான செவ்ரோலெட்டின் பன்னிரண்டு போல்ட்டும், கிரைஸ்லரின் எட்டேமுக்கால் அங்குலமும் தத்தம் வீடுகளில் அழகானவையே. கமாரோவுக்குப் பன்னிரண்டு போல்ட்டே பொருத்தம். ஆனாலும் செவ்ரோலெட், டொயோட்டா பெயர் தாங்கிய நாஸ்கார் பந்தயக் கார்களின் அடியிலும் பல்லாண்டு சுழன்றது இந்த ஃபோர்டு வடிவம்தான்.

பூட்டும் கடைசிக் காட்சியையும் பார்த்துவிட்டுப் போங்கள். நாலைந்து பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, கையால் மெல்லச் சுற்றுகிறார் மெக்கானிக். பற்கள் தொட்ட இடத்தில் பசை விலகி, ஒரு சிறு நீள்வட்டம் தெரிகிறது. ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறதா? பினியன் சப்போர்ட்டின் ஐந்து போல்ட்டுகளைக் கழற்றி, அடியில் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு கனமுள்ள ஷிம் தகட்டை மாற்றுகிறார். மறுபடி பசை, மறுபடி சுற்று. வட்டம் பல்லின் நடுவுக்கு நகர்ந்து, நெற்றிப்பொட்டுப் போல அமர்கிறது. அவர் முகம் மலர்கிறது.

சாலையில் ஓட்டி மகிழ ஒரு 1969 மஸ்டாங் என்றால் என் தேர்வு இது: ‘என்’ எழுத்துள்ள வார்ப்பு, முனையில் 31 வரிப்பற்கள் (ஸ்ப்லைன்) கொண்ட ஆக்சில்கள், 3.50 விகிதம், டிராக்‌ஷன்-லாக். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், கிரௌனை ஒரு முழுச் சுற்று விரலால் தள்ளிப் பாருங்கள்.