ஓரம் முறுக, நடு இளக

ஓட்ஸ் குக்கியை எடைபோட அதை வாயில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதில்லை. இரண்டு கையாலும் பிடித்து மெல்ல வளைத்தாலே போதும். ஓரம் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். அந்த ஒடிசல் அரை விரல் உள்ளே போனதும் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் குக்கி ஒடியக் கூடாது, வளைந்து, இழுபட்டு, மனசில்லாமல் பிரிய வேண்டும். பிரிந்த இடத்தில் ஓட்ஸ் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடப்பதும், நடுவே ஒரு திராட்சை பாதியாகக் கிழிந்து பளபளப்பதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முழுக்க மொறுமொறுவென்று நொறுங்கினால் அது பிஸ்கட். முழுக்க மெத்தென்று இருந்தால் அது கேக்கில் சேர்த்தி. இரண்டோடும் எனக்குப் பகையில்லை. ஆனால் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம், அக்டோபர் மாதத்தில் வீட்டு ஓவனிலிருந்து இறங்கும் பழ ஓட்ஸ் குக்கி தனி ரகம்.

இதன் சிறப்பை வெண்ணெயிலும் பட்டை வாசனையிலும் தேடுகிறவர்கள் அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது முழுக்க முழுக்க ஈரத்தின் கணக்கு. ஓட்ஸ் ஈரத்தைக் குடிக்கிறது, உலர்ந்த பழமும் குடிக்கப் பார்க்கிறது, சர்க்கரை பிடித்து வைக்கிறது, ஓவன் விரட்டுகிறது. இந்த நால்வருக்கும் இடையே பஞ்சாயத்துப் பண்ணத் தெரிந்தவர்தான் நல்ல கைக்காரர்.

இலையுதிர்காலத்தோடு இதற்கு உள்ள உறவும் வெறும் மனநிலை சார்ந்ததில்லை. நியூ இங்கிலாந்தின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜூலை மாதத்தில் ஓவனைப் போட யாருக்கும் மனம் வராது, வீடே வெந்துபோகும். அக்டோபர் மாலைகளில் குளிர் பத்து டிகிரிக்குப் பக்கம் இறங்கியதும், அதே ஓவன் இருக்கும் அறையைத் தேடி எல்லோரும் வந்து உட்காருவார்கள். சரக்கும் அப்போதுதான் வந்து சேர்கிறது. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ வட்டாரத்தில் ஆகஸ்ட் கடைசியில் தாம்சன் என்ற விதையில்லாத் திராட்சையைப் பறித்து, கொடி வரிசைகளுக்கு நடுவே தாள் விரித்து வெயிலில் காயப்போடுவார்கள். செப்டம்பரில் ஆப்பிள் தோட்டங்கள் திறந்துவிடும். குடும்பம் குடும்பமாகப் போய்க் கூடை கூடையாகப் பறித்து வந்து, பிறகு அத்தனையையும் என்ன செய்வதென்று விழிப்பது அங்கே வருஷா வருஷம் நடக்கும் கூத்து.

கூடவே கிரான்பெர்ரி. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸின் கேப் காட் தீபகற்பத்தில் டென்னிஸ் என்ற ஊரில் ஹென்றி ஹால் என்பவர், கடற்காற்றில் மணல் பறந்துவந்து மூடிய காட்டுக் கொடிகள் மற்றவற்றைவிடச் செழித்துக் காய்ப்பதைக் கவனித்து, 1816 வாக்கில் அவற்றைப் பயிராக்கத் தொடங்கினார். சதுப்பு நிலத்தில் மணல் பரப்பும் பழக்கம் இன்றும் இருக்கிறது. அறுவடை நாளில் வயலில் தண்ணீர் கட்டி, எந்திரத்தால் கொடிகளை அலசிவிடுகிறார்கள். ஒவ்வொரு பழத்துக்குள்ளும் நான்கு காற்றறைகள் இருப்பதால் உதிர்ந்ததெல்லாம் மேலே மிதக்கும். முழங்கால் தண்ணீரில் ரப்பர் கால்சட்டையோடு இறங்கி, வளையம் கட்டி ஒரு மூலைக்கு ஒதுக்கி, உறிஞ்சி லாரியில் ஏற்ற வேண்டியதுதான். காற்று இருப்பதால் நல்ல பழம் தரையில் போட்டால் துள்ளும், அழுகியது துள்ளாது. பலகைமேல் துள்ளவிட்டுப் பொறுக்கும் எந்திரங்களே உண்டு. விளைச்சலில் விஸ்கான்சின் மாநிலம் மாசசூசெட்ஸை முந்தி வெகுகாலம் ஆகிறது. கேப் காட்காரர்களிடம் அதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

பச்சைக் கிரான்பெர்ரியை அப்படியே குக்கியில் போட்டால் முகம் கோணும் புளிப்பு. அது மட்டுமில்லை, சூட்டில் வெடித்துச் சுற்றியுள்ள மாவைக் கஞ்சியாக்கிவிடும். உலர்ந்ததுதான் சரி. ஆனால் இதன் தோலில் மெழுகுப் பூச்சு இருப்பதால் திராட்சையைப்போல வெயிலில் தானாகக் காயாது. வெட்டி, சாற்றை எடுத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, பிறகு உலர்த்துகிறார்கள். ஆகவே கடையில் வாங்கும் உலர் கிரான்பெர்ரியில் ஏற்கெனவே சர்க்கரை ஏறியிருக்கிறது. மாவில் போடும் வெள்ளைச் சர்க்கரையில் இரண்டு கரண்டியைக் குறைத்துக்கொள்பவர் விவரமானவர். திராட்சை மட்டும் என்றால் இனிப்பு ஒரே சுருதியில் நின்றுவிடும், கிரான்பெர்ரி மட்டும் என்றால் நாக்கைக் கீறும். பாதிக்குப் பாதி கலப்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆப்பிளையும் உலர்த்திய வளையமாகத்தான் நறுக்கிப் போட வேண்டும். பச்சை ஆப்பிளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்ணீர். துருவிப் போட்டால் கேக்தான் வரும்.

இனி ஓட்ஸ். இந்தக் குக்கி பிறந்தது அடுப்பங்கரையில் இல்லை, மில்லில் என்பேன். பாஸ்டனில் சமையல் பள்ளி நடத்திய ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட புகழ்பெற்ற புத்தகத்திலேயே ஓட்மீல் குக்கி இருக்கிறது. ஆனால் அதில் இரண்டு கப் மைதாவுக்கு அரை கப் ஓட்ஸ் பொடி. மாவைப் பலகையில் தேய்த்து, அச்சால் வெட்டிச் சுட வேண்டும். திராட்சை கிடையாது. இன்று வழக்கத்தில் இருப்பது அப்படியே தலைகீழ்: ஒன்றரை கப் மைதா, மூன்று கப் ஓட்ஸ். மாவு என்பது செதில்களை ஒட்டவைக்கும் பசை மட்டுமே.

உருளையில் தட்டிய ஓட்ஸ் டப்பாவில் அடைபட்டு வீடு வீடாக நுழைந்ததால் வந்த மாற்றம் இது. ஓஹையோ மாநிலத்து ஆக்ரனில் ஃபெர்டினாண்ட் ஷூமாக்கர் என்ற ஜெர்மானியர், அமெரிக்கர்கள் குதிரைக்குப் போட்டுக்கொண்டிருந்த தானியத்தை அவர்களுக்கே விற்றுக் காட்டினார். அதே மாநிலத்தில் 1877இல் குவேக்கர் என்ற வணிகச் சின்னம் பதிவானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டப்பாவின் மேலேயே செய்முறையும் அச்சாகத் தொடங்கியது. குக்கி ஊரெல்லாம் பரவ அதற்கு மேல் என்ன வேண்டும்? செதில் ஆகும் விதமும் நமக்குப் புதிதில்லை, அவல் கதைதான்: உமி நீக்கி, ஆவியில் வாட்டி, சூடாக இருக்கும்போதே உருளைக்குள் விட்டுத் தட்டையாக்குவது. வாட்டுவது தட்டையாவதற்காக மட்டுமில்லை. மற்றத் தானியங்களைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியும் அதிலேயே இருக்கிறது. சூடு காட்டி அதை அடக்காவிட்டால் சில நாளில் கசந்துவிடும்.

கடையில் மூன்று நான்கு தினுசு இருக்கும். முழு மணியைத் தட்டிய தடித்த செதிலைத்தான் எடுக்க வேண்டும். மணியைத் துண்டாக்கி மெல்லிசாகத் தட்டிய ‘குவிக்’ ரகம் அவசரத்துக்குப் பரவாயில்லை, கடிக்க ஒன்றும் இருக்காது. வெந்நீர் ஊற்றினால் கஞ்சியாகும் ‘இன்ஸ்டன்ட்’ ரகத்தை இதன் பக்கமே கொண்டுவரக் கூடாது. எடுத்த செதிலை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து ஆறவிட்டால், அதன் முந்திரிச் சாயல் கொண்ட மணம் எழும்பும்.

பழத்துக்கு ஒரு சடங்கு உண்டு, அதைத் தாண்டிப் போகக் கூடாது. காய்ந்த திராட்சையை அப்படியே போட்டால் அது பக்கத்து மாவின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குக்கி வறண்டுபோகும், திராட்சையும் முழுசாக மெத்தென்று ஆகாது, இருவருக்கும் நஷ்டம். ஆப்பிள் தோட்டங்களில் பருவத்தில் விற்கும் சிடர் என்ற வடிகட்டாத ஆப்பிள் சாற்றைச் சூடாக்கி, கால் மணி நேரம் பழத்தை அதில் ஊறவைத்து, வடித்து, துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றுவது முக்கியம். ஊறின பழம் சொட்டச் சொட்ட மாவில் விழுந்தால் இதுவரை பார்த்த கணக்கெல்லாம் வீண்.

சர்க்கரையில் பழுப்புச் சர்க்கரை வெள்ளையைவிட மிகுந்திருக்க வேண்டும். முக்கால் கப்புக்கு அரை கப் என்பது அங்கே வழங்கும் அளவு. வெல்லப்பாகின் மிச்சம் அதில் இருப்பதால் அது காற்றிலிருந்தே ஈரத்தைப் பிடித்து வைக்கும், நடு இளகி நிற்பது அதன் புண்ணியத்தில்தான். அதில் இருக்கும் லேசான புளிப்பு சமையல் சோடாவைத் தட்டி எழுப்பும். சோடா ஒரு கரண்டிக்கு மேல் போனால் நிறம் பிரமாதமாக வரும், சோப்பு வாசனையும் சேர்ந்து வரும். வெண்ணெய் இருநூறு கிராம், முட்டை இரண்டு, உப்பு அரைக் கரண்டி, பழம் ஒன்றரை கப். இதில் உப்பைத் தவிர எதையும் கூட்டிக் குறைத்துத் தப்பித்துக்கொள்ளலாம்.

பட்டையில் எனக்கு ஒரு பிடிவாதம். இலங்கையின் தென்மேற்குக் கரையில் உரித்துச் சுருட்டும் பட்டைதான் அசல், உயர்ந்தது என்பார்கள். உண்மைதான், பால் பண்டத்தில் அதன் மென்மைக்கு இணையில்லை. ஆனால் அமெரிக்கக் கடைகளில் பொடியாக விற்பது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வரும் காசியா. தடித்த பட்டை, காரமான வாசனை. வறுத்த ஓட்ஸுக்கும் பழுப்புச் சர்க்கரைக்கும் நடுவில் இலங்கைப் பட்டை காணாமல் போய்விடுகிறது, இந்த முரடன் நின்று குரல் கொடுக்கிறான். ஒரு கரண்டி, அவ்வளவுதான். கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு எல்லாவற்றையும் கொட்டி ‘பூசணி மசாலா’ என்று செப்டம்பர் பிறந்ததும் காபி முதல் மெழுகுவர்த்தி வரை பூசும் வழக்கம் அந்த ஊரில் தொற்றுநோய்போல் ஆகிவிட்டது. குக்கியையாவது விட்டுவைக்கலாம்.

பிசைந்த மாவை உடனே சுடக் கூடாது. ஓர் இரவு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். செதில்கள் முட்டையின் ஈரத்தை மெல்லக் குடித்து ஊறும், வெண்ணெய் இறுகும். காலையில் விரலால் அழுத்தினால் மாவு கையில் ஒட்டாது. எலுமிச்சை அளவு உருட்டி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் இடம்விட்டு வைத்து, வெளியே துருத்தும் திராட்சைகளை உள்ளே தள்ளிவிட வேண்டும். தட்டைத் தொட்டுக் கிடக்கும் திராட்சை கருகி, அந்த ஒன்றே குக்கி முழுவதையும் கசக்க வைத்துவிடும்.

175 டிகிரி. இனிமேல் கண்ணாடிக் கதவின் முன்னால் நாற்காலி போட்டு உட்காரலாம், தப்பில்லை. முதல் மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு உருண்டையின் அடியில் வெண்ணெய் இளகி, ஒரு பளபளப்பான விளிம்பு வெளியே வழியும். ஐந்தாவது நிமிடத்தில் தோள் சரிந்து குக்கி பரவத் தொடங்கும். ஊறிய ஓட்ஸ் பிடித்து நிறுத்துவதால் ஓர் அளவோடு நிற்கும். ஏழில் சோடா வேலை காட்டும், மேல்பரப்பு உப்பி, மினுமினுப்பு மங்கி, நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். ஒன்பதில் செதில்களின் நுனி மட்டும் பொன்னிறம் கொள்ளும், ஓரம் அதற்குப் பின்னால் சிவக்கும். நடு இன்னும் ஈரமாக, வேகாததுபோலவே இருக்கும். அப்போதுதான் எடுக்க வேண்டும். ‘இன்னும் ஒரு நிமிடம்’ என்கிற ஆசைதான் ஆயிரம் குக்கிகளைப் பிஸ்கட் ஆக்கியது. சூடான தட்டு மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்: ஐந்து நிமிடத்தில் உப்பிய நடு அமுங்கி, சுருக்கம் விழுந்து, தூக்கினால் உடையாத பதத்துக்கு வரும்.

துணைக்கு அமெரிக்கர்கள் குளிர்ந்த பாலைச் சொல்வார்கள், ஆப்பிள் சிடரையும் சொல்வார்கள். இனிப்போடு இனிப்பு மோதுவதில் எனக்கு ருசியில்லை. சர்க்கரை போடாத கறுப்புக் காபி போதும். மறுநாள் ஓரத்தின் மொறுமொறுப்பு கொஞ்சம் குறைந்திருக்கும், பழத்தின் வாசனை கூடியிருக்கும். டப்பாவில் ஒரு துண்டு ரொட்டியைப் போட்டுவைத்தால் ரொட்டி காய்ந்து குக்கியைக் காப்பாற்றும். எல்லா மாவையும் ஒரே நாளில் சுடுவதைவிட, உருட்டிய உருண்டைகளை ஃப்ரீசரில் உறையவைத்துப் பையில் போட்டு வைப்பது உத்தமம். உறைந்தபடியே ஓவனுக்குள் வைத்து இரண்டு நிமிடம் கூடக் கொடுத்தால் போதும். வந்தவர் கோட்டைக் கழற்றி மாட்டி, ஊர்க்கதை ஒரு சுற்று பேசி முடிப்பதற்குள் நாலு குக்கி தயார். ஐந்தாவதைச் சுட வேண்டாம், அது நம் வயிற்றுக்குத்தான் போகும்.