கூலியில்லா அச்சுக்கோர்ப்பு: அமானுஷ்யப் புனைவும் அதன் ரசிக இதழ்களும்

1927 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆத்தல் என்ற சிற்றூரிலிருந்து 'தி ரெக்லூஸ்' என்றொரு இதழ் வெளிவந்தது. அதுவே முதல் இதழ், அதுவே கடைசி. நடத்தியவர் டபிள்யூ. பால் குக். அச்சுத் தொழிலாளி. பகலில் பிழைப்புக்கு அச்சு வேலை, மிச்ச நேரத்தில் நண்பர்களின் எழுத்தைத் தன் கைக்காசில் அச்சிடுவது என்று வாழ்ந்தவர். அந்த ஓர் இதழில்தான் திகில் எழுத்தாளர் ஹெச். பி. லவ்கிராஃப்டின் 'சூப்பர்நேச்சுரல் ஹாரர் இன் லிட்டரேச்சர்' என்ற கட்டுரை முதன்முதலில் அச்சேறியது. ஏறத்தாழ 28,000 சொற்கள். அமானுஷ்யப் புனைவின் வரலாற்றைப் பேச வருகிற யாரும் இன்றுவரை அதைத் தாண்டிப் போக முடிவதில்லை. குக் கேட்டார் என்பதற்காக லவ்கிராஃப்ட் மாதக்கணக்கில் பழைய நாவல்களைத் தேடிப் படித்து அதை எழுதினார். பணம் என்ற பேச்சே இருவருக்கும் நடுவில் எழவில்லை.

அமானுஷ்யப் புனைவு என்றதும் எல்லோரும் 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகையில் தொடங்குவார்கள். 1923 மார்ச்சில் பிறந்த அந்தக் கடைச்சரக்குப் பத்திரிகைக்கு உரிய இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த இலக்கிய வகையைக் கட்டிக் காத்தவர்கள் அதற்கு முன்னும், அதன் ஓரத்திலும், அது நின்றுபோன பின்னும் உழைத்த அமெச்சூர்கள்தான். அவர்களுடைய தோழமையைக் குழு அரட்டை என்றோ இளவயது உற்சாகம் என்றோ ஒதுக்குகிறவர்கள் அதன் உட்பொருளைப் பார்க்கவில்லை. ஒருவர் கையெழுத்துப் படியை இன்னொருவர் தட்டச்சு செய்து கொடுத்தார். ஒருவர் கவிதைக்கு இன்னொருவர் எழுத்துக் கோத்தார். ஒருவர் செத்த பிறகு அவர் காகிதங்களை இன்னொருவர் நூலகத்தில் சேர்த்தார். இந்தத் தோழமை முழுக்க முழுக்க வேலையால் ஆனது.

இதற்கு அடித்தளம் அமெச்சூர் பத்திரிகை இயக்கம். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் சிறுவர்கள் வீட்டில் வைத்து ஓட்டக்கூடிய கை அச்சு எந்திரங்கள் மலிவாகக் கிடைத்தன. ஆளுக்கொரு குட்டிப் பத்திரிகை அச்சிட்டு ஊர்விட்டு ஊர் மாற்றிக்கொண்டார்கள். 1876 இல் பிலடெல்பியாவில் தேசிய அமெச்சூர் பத்திரிகைச் சங்கம் தோன்றியது. 1895 இல் ஐக்கிய அமெச்சூர் பத்திரிகைச் சங்கம். லவ்கிராஃப்ட் இரண்டாவதில் 1914 இல் சேர்ந்தார். சேர்ந்த கதையே ஒரு சண்டைதான். 'ஆர்கஸி' என்ற வணிகப் பத்திரிகையில் பிரெட் ஜாக்சன் எழுதிவந்த காதல் கதைகளைத் தாக்கி அவர் வாசகர் கடிதம் போட, ஜாக்சனின் ரசிகர்கள் திருப்பித் தாக்க, மாதக்கணக்கில் செய்யுளிலேயே வசை நடந்தது. அதைக் கவனித்த எட்வர்ட் டாஸ் என்ற அமெச்சூர் பத்திரிகைக்காரர் அவரைச் சங்கத்துக்கு அழைத்தார். பள்ளிப் படிப்பை முடிக்காமல் பல ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த ஒருவருக்கு அந்த அழைப்பு மறுவாழ்வு. இது என் மிகை அல்ல. அமெச்சூர் இயக்கம் தனக்கு வாழ்வையே தந்தது என்ற பொருளில் அவரே பின்னால் எழுதியிருக்கிறார்.

அவர் நடத்திய 'தி கன்சர்வேட்டிவ்' 1915 முதல் 1923 வரை பதின்மூன்று இதழ்கள் வந்தது. அதில் இனவெறி வெளிப்படையாகவே இருந்தது. மூடி மறைக்க வேண்டியதில்லை. அன்றைய தோழர்களும் மறைக்கவில்லை. சார்லஸ் ஐசக்சன் என்ற யூத அமெச்சூர் 1915 இல் தன் 'இன் எ மைனர் கீ' இதழில் லவ்கிராஃப்டைக் கண்டித்து எழுதினார். அதே இதழில் ஜேம்ஸ் ஃபெர்டினண்ட் மார்ட்டன் என்ற சீர்திருத்தவாதி இன்னும் கடுமையாக எழுதினார். லவ்கிராஃப்டின் பதிலும் காரமானதுதான். ஆனால் சில ஆண்டுகளில் அதே மார்ட்டன் அவருடைய மிக நெருங்கிய நண்பர்களில் ஒருவர் ஆகிவிட்டார். பிற்காலத்தில் நியூ ஜெர்சியின் பேட்டர்சன் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த அவருக்கு லவ்கிராஃப்ட் எழுதிய கடிதங்கள் ஒரு முழுத் தொகுதியாக அச்சில் உள்ளன. லவ்கிராஃப்ட் 1924 இல் மணந்த சோனியா கிரீனும் யூதப் பெண்தான், அவரும் அமெச்சூர் பத்திரிகைக்காரர். 'தி ரெயின்போ' என்ற இதழை நடத்தியவர். 1921 இல் பாஸ்டனில் நடந்த சங்க மாநாட்டில்தான் இருவரும் சந்தித்தார்கள். இந்த நட்புகளால் அவருடைய வெறுப்பு கரைந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் எதிர்த்து எழுதியவனோடு கடிதத் தொடர்பை அறுக்காமல் இருப்பது அந்த வட்டத்தின் நடைமுறை விதியாக இருந்தது. இன்றைய இலக்கியச் சண்டைகளைப் பார்க்கும்போது அந்த விதியின் அருமை எனக்குப் புரிகிறது.

கடிதச் சுற்று என்ற ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். கிளைனர், கோல், மோ, லவ்கிராஃப்ட் என்ற நால்வர் 1916 வாக்கில் ஒரு சுற்று நடத்தினார்கள். நான்கு பெயர்களின் முதல் அசைகளைச் சேர்த்து 'கிளைகோமோலோ' என்று அழைத்தார்கள். ஒருவர் எழுதி அடுத்தவருக்கு அனுப்புவார். அவர் தன் பகுதியைச் சேர்த்து அடுத்தவருக்கு. கட்டு ஒரு சுற்று முடிந்து திரும்பி வந்ததும் தன் பழைய பகுதியை எடுத்துவிட்டு, மற்ற மூவருக்கும் பதிலாகப் புதியதை வைக்க வேண்டும். ஒரே உரையாடல் இப்படித் தபாலில் ஆண்டுக்கணக்கில் போகும். தனிமையில் எழுதுகிறவனுக்கு மூன்று கூர்மையான வாசகர்கள் நிச்சயம்.

அந்த நாட்களில் லவ்கிராஃப்ட் செய்யுளும் கட்டுரையும்தான் எழுதிக்கொண்டிருந்தார். கதையை இளமையிலேயே விட்டுவிட்டார். 1917 இல் அவரைத் திரும்பக் கதைக்குத் தள்ளியவர் குக். சிறுவயதில் எழுதிய கதைகளைப் படித்துவிட்டு, இதுதான் உன் வழி என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படிப் பிறந்த 'டேகன்' குக்கின் 'தி வேக்ரன்ட்' இதழில் 1919 நவம்பரில் வந்தது. 'வியர்ட் டேல்ஸ்' அதை வெளியிட்டது நான்கு ஆண்டுகள் கழித்து. அவருக்குக் கதைக்குக் காசு கொடுத்த முதல் பத்திரிகையான 'ஹோம் ப்ரூ'வை நடத்திய ஹவுடனும் அமெச்சூர் சங்கத்து நண்பரே. கதைக்கு ஐந்து டாலர்.

1930களில் தலைமுறை மாறியது. 1930 மேயில் வந்த 'தி காமெட்' அறிவியல் புனைவின் முதல் ரசிக இதழாகக் கருதப்படுகிறது. அதைத் தொடர்ந்து பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் ஆளுக்கொரு இதழ் தொடங்கினார்கள். அச்சகத்துக்குப் பணம் இல்லாதவர்கள் ஹெக்டோகிராஃபில் இறங்கினார்கள். தட்டையான தட்டில் ஜெலட்டினும் கிளிசரினும் காய்ச்சி ஊற்றி உறைய விடுவார்கள். தனி மையில் எழுதிய மூலத்தாளை அதன்மேல் கவிழ்த்து அழுத்தினால் மை ஜெலட்டினுக்குள் இறங்கும். பிறகு வெள்ளைத் தாளை ஒவ்வொன்றாக வைத்து எடுக்க வேண்டும். ஊதா நிறத்தில் ஐம்பது பிரதி வரை தேறும். போகப் போக எழுத்து வெளிறும். சற்று வசதி உள்ளவர்களுக்கு மிமியோகிராஃப், நம் ஊரில் சைக்ளோஸ்டைல் என்று சொல்வது. ரிப்பனைக் கழற்றிவிட்டு மெழுகு ஸ்டென்சிலில் தட்டச்சு செய்வார்கள். பிழை விழுந்தால் திரவம் பூசி ஆறவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். எந்த வாக்கியத்தையும் அடித்துத் திருத்துவது இவ்வளவு சிரமம் என்றால், எழுதுமுன் யோசிக்கத்தான் தோன்றும்.

அமானுஷ்யப் புனைவுக்கென்றே வந்த முதல் ரசிக இதழ் 'தி ஃபேன்டசி ஃபேன்'. 1933 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில் சார்லஸ் ஹார்னிக் தொடங்கியபோது அவருக்கு வயது 17. முதல் இதழைப் பார்த்த ஹியூகோ கெர்ன்ஸ்பாக் அந்தப் பையனையே தன் 'வொண்டர் ஸ்டோரீஸ்' பத்திரிகைக்கு நிர்வாக ஆசிரியர் ஆக்கிவிட்டார். ஆனால் ஹார்னிக் தன் சிறு இதழைக் கைவிடவில்லை. 1935 பிப்ரவரி வரை, மாதம் தவறாமல் 18 இதழ்கள். கிளார்க் ஆஷ்டன் ஸ்மித், ராபர்ட் இ. ஹோவர்ட், லவ்கிராஃப்ட் ஆகிய மூவரும் வணிகப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கதைகளை இவருக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். லவ்கிராஃப்டின் 'தி அதர் காட்ஸ்', 'ஃப்ரம் பியாண்ட்' முதன்முதலில் அச்சானது இங்கேதான். ரெக்லூஸ் கட்டுரையைத் திருத்தித் தொடராகவும் தந்தார். இதழ் நின்றபோது தொடர் பாதியில் நின்றது.

இந்த இதழில் 'தி பாய்லிங் பாயின்ட்' என்ற விவாதப் பகுதி இருந்தது. ஃபாரஸ்ட் அக்கர்மன் என்ற பதினாறு வயது ரசிகர், ஸ்மித்தின் செவ்வாய்க் கிரகக் கதை ஒன்றைத் தாக்கினார். அறிவியல் புனைவுப் பத்திரிகையில் அருவருப்பான திகிலுக்கு என்ன வேலை என்பது அவர் கேள்வி. ஸ்மித்தின் நண்பர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். சூடு தாங்காமல் ஹார்னிக் சில மாதங்களில் பகுதியையே மூடினார். என் பார்வையில் அது இழப்பு. அறிவியல் புனைவும் அமானுஷ்யப் புனைவும் எங்கே பிரிகின்றன என்ற கேள்வி அவ்வளவு நேராக அதற்கு முன் கேட்கப்பட்டதில்லை.

தோழமையின் உச்சம் என்று நான் கருதுவது ராபர்ட் பார்லோவின் கதை. ஃப்ளோரிடாக்காரர். 1931 இல் லவ்கிராஃப்டுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியபோது வயது 13, வயதைச் சொல்லவில்லை. 1934 இல் டிலாண்ட் ஊருக்கு விருந்தாளியாகப் போனபோதுதான் தன் நண்பன் 16 வயதுப் பையன் என்று லவ்கிராஃப்டுக்குத் தெரிந்தது. தட்டச்சு செய்வது லவ்கிராஃப்டுக்குப் பிடிக்காத வேலை. பையன் ஓர் ஒப்பந்தம் போட்டான்: நான் தட்டச்சு செய்து தருகிறேன், மூலக் கையெழுத்துப் படியை எனக்குக் கொடுங்கள். அடுத்த ஆண்டு லவ்கிராஃப்ட் மறுபடி போனபோது, நண்பர் ஃப்ராங்க் பெல்க்னாப் லாங்கின் கவிதைகளை இருவரும் சேர்ந்து ஈய எழுத்தில் கோத்தார்கள். லாங்குக்குச் சொல்லாமல், அவருக்குப் பரிசாக! உலகமே பின்னாளில் கொண்டாடிய எழுத்தாளர் தன் விடுமுறையில், ஒரு பையனின் வீட்டு அச்சகத்தில், இன்னொருவர் கவிதைக்கு எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

1937 மார்ச் 15 அன்று லவ்கிராஃப்ட் இறந்தார். தன் இலக்கியப் பொறுப்பாளராக அவர் குறித்து வைத்திருந்த பெயர் பார்லோ. வயது 18. அவர் பிராவிடன்சுக்குப் போய்க் காகிதங்களைப் பிரித்து, பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹே நூலகத்தில் சேர்த்தார். அதற்காகக் கிடைத்தது நன்றி அல்ல. லவ்கிராஃப்டின் நூல்களைக் கொண்டுவர 1939 இல் 'ஆர்க்கம் ஹவுஸ்' பதிப்பகத்தைத் தொடங்கிய ஆகஸ்ட் டெர்லத், டொனால்ட் வான்ட்ரை இருவருக்கும் பார்லோவுக்கும் மனக்கசப்பு. அவர்கள் பேச்சைக் கேட்டு ஸ்மித்தும் உறவை முறித்துக் கடிதம் எழுதினார். பார்லோ மெக்சிகோவுக்குப் போய் நாவாட்ல் மொழியிலும் பண்டை மெக்சிகோ வரலாற்றிலும் பேரறிஞராகி, 1951 ஜனவரியில் தற்கொலை செய்துகொண்டார். 'தி ஷேடோ அவுட் ஆஃப் டைம்' கதையின் மூலக் கையெழுத்துப் படி அவருடைய மாணவி ஒருவரின் உடைமைகளிலிருந்து 1995 இல்தான் பிரவுனுக்கு வந்தது. அதைக் கொண்டுதான் கதையின் சரியான பாடம் அமைந்தது. இந்த வட்டத்தின் வரலாற்றில் மன்னிக்க முடியாத ஒன்று உண்டென்றால், அது பார்லோவை ஒதுக்கியதுதான்.

அமெச்சூர் உழைப்பு எப்போதும் நல்ல உழைப்பாகவும் இருந்ததில்லை. வில்லியம் கிராஃபோர்ட் 1936 இல் பென்சில்வேனியாவில் அச்சிட்ட 'தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்', லவ்கிராஃப்ட் உயிரோடு இருக்கையில் வெளிவந்த அவருடைய ஒரே நூல். 400 பிரதிக்குத் தாள் ஓட்டி, பாதியளவே கட்டினார். பிழைகள் மலிந்து, பிழைதிருத்தத் தாள் சேர்க்க வேண்டிவந்தது. குக் 1928 இல் அச்சிட்ட 'தி ஷன்ட் ஹவுஸ்' தாள்கள் கட்டப்படாமலே கிடந்தன. மனைவியின் மரணமும் உடல்நலக் கேடும் குக்கை முடக்கிவிட்டன. அந்தத் தாள்கள் பார்லோவின் கைக்குப் போய், பின் ஆர்க்கம் ஹவுசுக்குப் போய், 1961 இல்தான் கட்டிய நூலாக விற்பனைக்கு வந்தன.

பின்வந்த காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1942 முதல் 1946 வரை ஃப்ரான்சிஸ் லேனியின் 'தி அகோலைட்' பதினான்கு இதழ்கள் வந்தது. 1973 இல் 'எசோடெரிக் ஆர்டர் ஆஃப் டேகன்' என்ற இதழ்ப் பரிமாற்றச் சங்கம் தோன்றியது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் இதழைத் தானே அச்சிட்டுப் பொது ஆசிரியருக்கு அனுப்புவார். அவர் எல்லாவற்றையும் ஒரே கட்டாக்கி எல்லோருக்கும் அனுப்புவார். இங்கிலாந்தில் 1979 இல் ரோஸ்மேரி பார்டோ தொடங்கிய 'கோஸ்ட்ஸ் அண்ட் ஸ்காலர்ஸ்', எம். ஆர். ஜேம்ஸின் பேய்க்கதை மரபுக்கென்றே நடந்த இதழ். ஆண்களே நிறைந்திருந்த இந்தத் துறையில் ஒரு பெண்ணின் நெடிய ஆசிரியப் பணி அது. நியூ மெக்சிகோவில் ஹாரி மோரிஸ் நடத்திய 'நிக்டலாப்ஸ்' இதழில்தான் எழுத்தாளர் தாமஸ் லிகோட்டி 1981 இல் அறிமுகமானார். அவருடைய முதல் தொகுப்பை 1985 இல் 300 பிரதி அச்சிட்டவரும் மோரிஸ்தான். அதே கதைகள் 2015 இல் பெங்குவின் கிளாசிக்ஸ் வரிசையில் வந்தன.

இந்திய வாசகர்கள் அறிய வேண்டிய பெயர் எஸ். டி. ஜோஷி. 1958 இல் புனேயில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா போனவர். லவ்கிராஃப்டின் காகிதங்கள் அங்கே இருக்கின்றன என்பதற்காகவே பிரவுன் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். கையெழுத்துப் படிகளையும் தட்டச்சுப் படிகளையும் அச்சுப் பாடங்களோடு ஒப்பிட்டு, 1984 முதல் ஆர்க்கம் ஹவுஸ் வழியாகத் திருத்திய பாடங்களைக் கொண்டுவந்தார். 1979 முதல் 'லவ்கிராஃப்ட் ஸ்டடீஸ்' என்ற ஆய்விதழை நடத்தினார். அதை வெளியிட்டதும் ஒரு ரசிகரின் சிறு பதிப்பகமே. பார்லோ அந்தப் பெட்டிகளை ஜான் ஹே நூலகத்தில் சேர்த்திராவிட்டால் ஜோஷிக்கு ஒப்பிட எதுவும் இருந்திருக்காது.

லவ்கிராஃப்டையும் அவர் மரபையும் தமிழில் மொழிபெயர்க்க இன்று ஆர்வத்தோடு வருகிற இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்னுரையில் 'வியர்ட் டேல்ஸ்' பெயரை எழுதும்போது, பக்கத்திலேயே பால் குக், ஹார்னிக், பார்லோ என்ற மூன்று பெயர்களையும் எழுதுங்கள். எந்தக் கதை எந்த அமெச்சூர் இதழில் முதலில் வந்தது என்பதையும் கதையின் கீழே குறிப்பிடுங்கள்.