முல்க்: உரிமைப் பிரகடனமும் ஓர் அடிமையின் ஏடும்

1776 ஜூலையில் பிலடெல்பியாவில் ஏற்கப்பட்ட அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை நம்மவர் இருவகையாக அணுகி வந்துள்ளனர். மானுட விடுதலையின் தொடக்கமே அதுதான் என ஒரு சாரார் வியப்பர். அதிலுள்ளவை யாவும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நமக்குச் சொல்லப்பட்டுவிட்டன என்று மறுசாரார் ஏட்டை மூடிவிடுவர். இரு சாராருமே அதனை ஊன்றிப் படிக்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

பிரகடனத்தின் தத்துவ வேர்களுள் தலையாயது ஜான் லாக்கின் சிந்தனை. அரசாட்சி பற்றிய அவருடைய இரண்டாம் ஆய்வுரை 1689இல் வெளிவந்தது. அரசு தோன்றுமுன்னரே மனிதருக்கு இயற்கை நியதியின்கீழ் உரிமைகள் உண்டு. அவற்றைக் காக்கவே மக்கள் இசைந்து அரசை அமைக்கின்றனர். காக்கத் தவறிய அரசை அவர்கள் மாற்றலாம். இதற்கெல்லாம் அடிக்கல்லாக அவர் வைப்பது, ஒவ்வொருவரும் தம்மீது தாமே உடைமை கொண்டவர் என்னும் கருத்து. ஆனால் அதே நூலின் முற்பகுதியில், மனிதர் யாவரும் இறைவனின் கைவேலை, எனவே அவனுடைய உடைமை, தம்மைத் தாமே அழித்துக்கொள்ளவும் உரிமையற்றோர் என்று எழுதுகிறார். நம்மிடம் இருப்பது அமானத்து என்று கொண்டால் இவ்விரண்டும் பொருந்தும். பின்வந்தோர் முன்னதை நழுவவிட்டுப் பின்னதை மட்டும் பற்றிக்கொண்டனர் என்பது நம் துணிபு. (தமிழில் ‘உரிமையாளர்’ என்றாலே உடைமையாளர்தாம், இக்குழப்பம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று.)

லாக்கும் கறையற்றவரல்லர். கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்கு அவர் செயலாளராக இருந்தார். அக்குடியேற்றத்துக்கென 1669இல் வரையப்பட்ட அடிப்படைச் சட்டம், சுதந்திர மனிதர் ஒவ்வொருவருக்கும் தம் நீக்ரோ அடிமைகள்மீது முழு அதிகாரம் வழங்கியது. அவ்வரைவில் லாக்கின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு; அவர் அதனை அறிந்திருந்தார் என்பதில் இல்லை.

1776 ஜூனில் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனம் விவாதத்துக்கு வந்தபோது, மனிதர் யாவரும் இயல்பிலேயே சுதந்திரர் என்ற வாசகம் அடிமை உடையோரைத் திடுக்கிடச் செய்தது. மனிதர் சமூக நிலைக்குள் நுழையும்போது என்னும் பொருளில் ஒரு தொடர் செருகப்பட்டது. அடிமைகளோ சமூகத்துக்குள் நுழையாதவர்கள்! ஒரு சிறு துணைவாக்கியத்தால் இயற்கை உரிமைக்கு வாயிற்காவலன் அமர்த்தப்பட்டான். அடுத்த மாதமே, அடிமை வாணிகத்துக்காக மன்னரைச் சாடி ஜெபர்சன் எழுதிய பத்தியைக் காங்கிரஸ் நீக்கியது. தென் கரோலினாவையும் ஜார்ஜியாவையும் திருப்திப்படுத்தவே நீக்கப்பட்டது என்று ஜெபர்சன் பின்னர் எழுதினார். தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவரும் அவரே. 1787இன் அரசியலமைப்போ ‘அடிமை’ என்ற சொல்லையே உச்சரிக்காமல், அவ்வாணிகத்தை 1808க்கு முன் காங்கிரஸ் தடைசெய்யலாகாது என விதித்தது.

அக்கெடு முடியுமுன், 1807இல், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டவர் உமர் இப்னு ஸயீத். செனகல் ஆற்றங்கரையிலுள்ள ஃபூத்தா தோரோவில் இருபத்தைந்து ஆண்டுகள் கல்வி பயின்ற ஆலிம் அவர். கொடிய எஜமானனிடமிருந்து தப்பி, வட கரோலினாவில் சிறைப்பட்டு, ஓவன் குடும்பத்தாரின் உடைமையானார். 1831இல் தம் வரலாற்றை அரபியில் பதினைந்து பக்கங்களில் எழுதினார். தாய்மொழியிலும் அரபியிலும் பெரும்பகுதி மறந்துபோயிற்று என்று அதில் வருந்துகிறார். புதிய எஜமானரைப் புகழவும் செய்கிறார். எழுதச் சொன்னவர்கள் படிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாததன்று.

ஆனால் தம் கதையைச் சொல்லுமுன் அவர் முதலில் எழுதிவைத்தது ‘அல் முல்க்’ அத்தியாயத்தை. உறங்குமுன் நம் இல்லங்களில் ஓதப்படும் அதே அத்தியாயம். ஆட்சியையும் உடைமையையும் ஒருங்கே குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது அச்சொல். மாலிக் உடையவன், மம்லூக் உடைமையாக்கப்பட்டவன். மனிதனை உடைமையாக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே அத்தேர்வின் உட்பொருள் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். நாமும் அவ்வாறே வாசிக்கிறோம். லாக்கின் முதற்கூற்றை, அவரைப் படித்திராத ஓர் அடிமை, அவருடைய கரோலினாவிலிருந்தே நினைவூட்டியிருக்கிறார். விடுதலை பெறாமலேயே அவர் இறந்தார்.

இதைக் கூறி நாம் பெருமிதம் கொள்வோமாயின், தொடக்கத்தில் குறிப்பிட்ட மறுசாராரின் வரிசையில்தான் சேர்வோம். அவ்வத்தியாயத்தை நாள்தோறும் ஓதிய நாடுகளிலும் அடிமைச் சந்தைகள் நடந்தன. சவூதி அரேபியா அடிமை முறையை ஒழித்தது 1962இல். உமரின் ஃபூத்தா தோரோ செனகல் ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடப்பது. அதன் வடகரை இன்று மௌரித்தானியாவில் உள்ளது. அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1981இல். அது தண்டனைக்குரிய குற்றமானது 2007இல்தான்.