எலும்பை வளர்க்கும் ரத்தக்குழாய்கள்

மணிக்கட்டில் ஸ்கேபாய்டு என்றொரு சிற்றெலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு மணிக்கட்டின் சிற்றெலும்புகளில் அடிக்கடி முறிவது இதுதான். இதற்குள் ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமாக நுழைந்து முன்கைப் பக்கமாகப் பின்னோக்கிப் பாய்கிறது. நடுவில் முறிந்துவிட்டால் முன்கையை ஒட்டிய துண்டுக்குப் போதிய ரத்தம் எட்டாமல் போகலாம். மாதக்கணக்கில் மாவுக்கட்டு போட்டும் கூடாமல் போவதுண்டு. சில நேரம் அந்தத் துண்டு செத்தே போகும்.

ரத்தம் இல்லாமல் எலும்பு இல்லை என்பது பழைய பாடம். 18ஆம் நூற்றாண்டிலேயே உடலியலாளர் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் எலும்பின் பிறப்பைத் தமனியோடு சேர்த்துப் பேசினார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரையொட்டி இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த கட்டலான் அறுவை மருத்துவர் ஜோசெப் ட்ருவேத்தா, எலும்பாக்கத்தில் ரத்தக்குழாய்களின் பங்கு பற்றி 1963இல் தனிக் கட்டுரையே எழுதினார். ஆனால் அந்தக் குழாய் உணவும் ஆக்ஸிஜனும் கொண்டுவரும் வெறும் வாய்க்கால்தானா, அல்லது எலும்புச் செல்களுக்கு ஏதாவது சொல்லவும் செய்கிறதா? இந்தத் துறையின் கால் நூற்றாண்டு உழைப்பு இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

கூரிய முதல் சோதனை 1999இல் வந்தது. குழாய் வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப் புரதத்தை மடக்கிப் பிடிக்கும் மருந்தை, வளரும் சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள் நெப்போலியோனே ஃபெராராவின் குழுவினர். குழாய்கள் குருத்தெலும்புக்குள் நுழைவது நின்றது. குருத்தெலும்பு தடித்துக்கொண்டே போனது, எலும்பாக மாறவில்லை. மருந்தை நிறுத்தியதும் குழாய்கள் உள்ளே புகுந்தன, எலும்பாக்கமும் தொடர்ந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிப் பகுதிதான். குருத்தெலும்பு கெட்டுப்போகவில்லை, காத்திருந்தது.

விஇஜிஎஃபைச் சுரக்க வைப்பது ஆக்ஸிஜன் பஞ்சம். பஞ்சத்தை உணர்ந்து மரபணுக்களை முடுக்கும் ஹிஃப் என்ற புரதத்தின் செயல்முறையைக் கண்டறிந்ததற்குத்தான் 2019இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2007இல் தாமஸ் கிளெமென்ஸ் குழு, எலும்பாக்கும் செல்களில் மட்டும் ஹிஃபின் அளவைக் கூட்டிப் பார்த்தது. சுண்டெலிகளின் நீண்ட எலும்புகள் குழாய்கள் மண்டி, அடர்ந்து வளர்ந்தன. ஆனால் குழாய்களே இல்லாத சூழலில் அதே மாற்றம் எலும்பாக்கும் செல்களிடம் பெரிதாக எதையும் செய்யவில்லை. அதாவது செய்தி குழாய் வழியாகச் சுற்றித்தான் வருகிறது.

அப்படியானால் குழாய் திருப்பிச் சொல்வது என்ன? 2014இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்திலிருந்து ரால்ஃப் ஆடம்ஸ், அஞ்சலி குசும்பே, சரவணா ராமசாமி ஆகியோரின் இரட்டைக் கட்டுரைகள் 'நேச்சர்' இதழில் வந்தன. எலும்புக்குள் இருக்கும் நுண்குழாய்கள் எல்லாம் ஒரே சாதி அல்ல என்றது முதல் கட்டுரை. எலும்பு நீளும் இடமான வளர்தட்டை ஒட்டி நெடுவாக்கில் ஓடும் ஒரு சிறுபான்மை உண்டு. அதற்கு 'எச் வகை' என்று பெயரிட்டார்கள். எலும்பாகப் போகும் முன்னோடிச் செல்கள் பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே குவிந்திருந்தன. வயதாக ஆக இந்தக் குழாய்கள் அருகின.

இரண்டாவது கட்டுரை இன்னும் விசித்திரம். செல்கள் தங்களுக்குள் பரிமாறும் நாட்ச் என்ற சமிக்ஞை மற்ற பல திசுக்களில் குழாய் கிளைப்பதைக் கட்டுப்படுத்தும். எலும்பிலோ அது குழாயை வளர்க்கிறது. குழாய்ச் சுவர்ச் செல்களில் அதைத் துண்டித்தால் குழாய்கள் சீர்குலைவதோடு எலும்பும் குட்டையாகிறது. அந்தச் செல்கள் சுரக்கும் நாகின் புரதத்தை வெளியிலிருந்து கொடுத்தால் நிலைமை சீராகிறது. நாகினோ, எலும்பைத் தூண்டும் பிஎம்பி புரதங்களைத் தடுப்பதற்குப் பேர்போனது! தடுப்பான் எப்படி வளர்ப்பான் ஆயிற்று? குருத்தெலும்பு முதிர்வதற்கு அது தேவை என்பது ஒரு பதில். முழுப் பதில் அதுதான் என்று நான் நம்பவில்லை.

பிறகு பட்டியல் நீண்டது. எலும்பை அரிக்கும் செல்களின் முன்னோடிகள்கூட பிடிஜிஎஃப்-பிபி என்ற புரதத்தைச் சுரந்து எச் வகைக் குழாய்களை வரவழைக்கின்றன. எலும்பாக்கும் செல்களிலிருந்து வரும் ஸ்லிட்3 என்ற புரதமும் அதே வேலையைச் செய்கிறது. யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று அம்புக்குறி போடுவது கடினமாகிவிட்டது. ஆய்விதழ்களின் நேர்த்தியான வரைபடங்களைப் பார்க்கும்போது எனக்குச் சற்று அவநம்பிக்கை வருவதும் இதனால்தான்.

மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவை குறைவு. அமெரிக்காவில் பிஎம்பி-2 முதுகெலும்பு இணைப்பு அறுவைக்கு 2002இல் அனுமதி பெற்றது. கணுக்கால் இணைப்புக்கு பிடிஜிஎஃப்-பிபி 2015இல். விஇஜிஎஃபை நேரடியாகக் கொடுப்பதில் சிக்கல் அதிகம்: அளவு மீறினால் குழாய்கள் தாறுமாறாகக் கசியும், எலும்பை அரிக்கும் செல்களும் கூடவே வந்து சேரும். தலசீமியா நோயாளிகளின் உடலில் சேரும் இரும்பை அகற்றப் பல காலமாகப் பயன்படும் டெஸ்ஃபெராக்ஸமைன், ஹிஃபைச் சிதைவுக்கு அடையாளமிடும் நொதிக்குத் தேவையான இரும்பைப் பறித்து, கிழட்டுச் சுண்டெலிகளில் எச் வகைக் குழாய்களையும் எலும்பையும் மீட்டது.

சுண்டெலி என்பதுதான் இடிக்கிறது. அதன் வளர்தட்டு நம்முடையதைப் போல முழுதாக மூடிக்கொள்வதில்லை. மனிதருக்கு இருபது வயதையொட்டி அது மூடிவிடும். எச் வகைக் குழாய்கள் செழிப்பதோ அந்தத் தட்டின் ஓரத்தில். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தவரிடம் டெஸ்ஃபெராக்ஸமைன் எந்தக் குழாயைப் போய்த் தட்டி எழுப்பும் என்பதை இனி மனித எலும்பில்தான் பார்த்தாக வேண்டும்.